நான்காம் பெண்

எங்கள் நாட்டில் யாரும் யாரையும் ‘நீங்கள்’ என்று அழைப்பதில்லை. அந்தச் சொல்லை நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஊரே கூடித் தூக்கிக் கடாசிவிட்டது. பேராசிரியையும் நீ, பிரதமரும் நீ, கழிப்பறை கழுவ வருகிறவளும் நீ. அதனாலேயே ஸ்வீடனில் எல்லாரும் சமம் என்று எல்லாரும் நம்புகிறோம். நானும் இருபத்துமூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கதையிலும் எவருக்கும் மரியாதை விகுதி போடப்போவதில்லை. கோபத்தில் அல்ல, பழக்கம் அப்படி.

பெண்ணியல் துறையில் எனக்கு அது கடைசி வருடம். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புச் சொல்லும் நாள். எட்டு மாணவிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நடுவில் காபி, ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை பன். மேசையின் தலைப்பக்கம் எங்கள் பேராசிரியை இங்கெர் ஸ்டாவ்லிங். அவளை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. பெண்களின் உழைப்பைப் பற்றி நான்கு புத்தகம் எழுதியவள், வானொலியில் சண்டை போடுகிறவள், அறுபது வயதிலும் சைக்கிளில் துறைக்கு வருகிறவள்.

ஒருத்தி குழந்தைகளின் மழைக்கோட்டு நிறங்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். என் தோழி எம்ப்லா பழைய சமையல் குறிப்புகளில் ஆண்கள் எங்கே வருகிறார்கள் என்று தேடப்போகிறாள். எல்லாரையும் பார்த்து இங்கெர் தலையாட்டினாள். அப்புறம் என் முறை வந்தது.

“யோன்னா, நீ என்ன பண்ணப் போற?”

“சமத்துவம் பத்திப் பாடம் நடத்துறவங்க வீட்டை யாரு பெருக்கித் துடைக்கிறாங்கன்னு எழுதப் போறேன்.”

“பாடம் நடத்துறவங்கன்னா? பொதுவாவா?”

“இல்ல. நம்ம துறைல இருக்கறவங்க.”

மேசைக்கு அடியில் எம்ப்லா என் காலை மிதித்தாள். பன்னைக் கடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு,” என்றாள் இங்கெர்.

எங்கள் ஊரில் யாராவது ‘சுவாரஸ்யம்’ என்றால், ‘தயவுசெய்து வேண்டாம்’ என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்களுக்கு வராது. இங்கெர் ஜன்னலைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள். பிறகு, எட்டு ஜோடிக் கண்கள் தன்மேல் இருப்பது உறைத்ததோ என்னவோ, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சர்ச்சை வரும். வரட்டுமே! நம்ம துறை இருக்கறதே அதுக்குத்தான். நானே உனக்கு வழிகாட்டியா இருக்கேன்.”

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன். இங்கெருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை, நான்கு வருடமாக, அவள் வீட்டைத் துடைக்கிறவள் என் அம்மா.

அம்மாவின் பெயர் அன்னெலி குவோக்சு. வடக்கே ஆற்றங்கரை ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் தெற்கே வந்தவள். துப்புரவு நிறுவனம் ஒன்றில் வேலை. வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் அட்டையில் ‘அன்னெலி’ என்று மட்டும்தான் இருக்கும். எல்லாரும் சமமான நாட்டில் குடும்பப் பெயர் எதற்கு? இங்கெர் நான்கு வருடமாக என்னை ‘குவோக்சு’ என்று வருகைப் பட்டியலில் பார்க்கிறாள், என் அம்மாவுக்கு ‘அன்புள்ள அன்னெலி, அவசரமே இல்லை, அடுப்பையும் கொஞ்சம் பார்’ என்று சீட்டு எழுதி வைக்கிறாள். இரண்டுக்கும் முடிச்சுப் போட அவளுக்கு வழியே இல்லை.

முதல் வருடத்தில் ஒரு நாள் இங்கெர் ‘கண்ணுக்குத் தெரியாத உழைப்பு’ என்று இரண்டு மணிநேரம் பேசினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். எங்கே போனாய் என்றால், இங்கெர் வீட்டில் புத்தக அலமாரி மொத்தத்தையும் நகர்த்தித் துடைத்தேன் என்கிறாள். அன்றைக்கு வந்த எரிச்சல்தான் மூன்று வருடம் கழித்துத் தலைப்பாக வாயிலிருந்து வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

“வேற தலைப்பே கெடைக்கலையா உனக்கு?”

“இதுதாம்மா உண்மையான தலைப்பு.”

“இங்கெர் நல்லவ. கிறிஸ்மஸுக்குப் பூ குடுக்கறா. காபி போட்டு பிளாஸ்க்ல வெச்சிட்டுப் போறா. மத்த வீட்டுல ஒரு டம்ளர் தண்ணிக்கு ஆளக் காணோம்.”

“உன்ன வெச்சு வேல வாங்கிட்டு ஊருக்கு உபதேசம் பண்றாளே, உனக்குக் கோபம் வரலையா?”

“கோபப்பட்டா தரை சுத்தமாயிடுமா?” என்றாள் அம்மா. “எனக்கு இந்த வீடுங்க வேணும்டி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு அனுப்பினா என் முட்டி தாங்காது. வீட்டு வேலைன்னா என் இஷ்டத்துக்குக் கொஞ்சம் உட்காந்து எந்திரிச்சுப் பண்ணலாம். அதுல மண்ண அள்ளிப் போட்டுடாத.”

“பேரே வராது. நாலு பேரப் பேட்டி எடுக்கறேன். நீ நாலாவது. ‘நான்காம் பெண்’னு போடுவேன், அவ்வளவுதான்.”

அம்மா வடக்கத்திக்காரி. அங்கே ‘ஆம்’ என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள். அப்படி ஒருமுறை இழுத்தாள். சம்மதம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவளைப் பேட்டி எடுத்தேன். முதல் இரண்டிலும் அரசாங்க அதிகாரியிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். எல்லாரும் நல்லவர்கள், எல்லாம் சௌகரியம். மூன்றாவது ஞாயிறு, இரண்டு கோப்பை காபிக்குப் பிறகு, அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“இங்கெர் வீட்டு முன்கூடத்துல ஒரு துணிப் பதாகை இருக்கு பாத்துக்கோ, கண்ணாடி போட்டு மாட்டியிருக்கா. பெருசு, செவத்துல பாதிக்கு வரும்.”

“என்ன எழுதியிருக்கு?”

“‘என் அழுக்கை நானே துடைப்பேன்.’ அதத்தான் நான் துடைக்கறேன். வினிகர் போட்டு.”

நாங்கள் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்தால் கூலியில் பாதியை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, பணக்காரர்களுக்கு வேலைக்காரி வைத்துக்கொடுக்கவா அரசாங்கம் என்று ஊர்வலம் போனவர்களில் இங்கெர் முன்வரிசை. அந்தப் பதாகைதான் இது. நான்கைந்து வருடத்தில் ஊர்வலம் மறந்தது, முதுகு வலித்தது, பாதிக் கூலியைக் கழித்துக்கொண்டு இங்கெரும் ஆள் வைத்துக்கொண்டாள். பதாகையைக் கழற்ற மட்டும் மனம் வரவில்லை. “அது சரித்திரம், கண்ணாடிய பாத்துத் துடை,” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

சிரித்து முடித்ததும் அம்மா சட்டென்று நிதானத்துக்கு வந்தாள்.

“இத எழுதிடாத. அந்த மாதிரி ஊர்லயே ஒண்ணுதான் இருக்கும். எழுதினா என்னத்தான் சந்தேகப்படுவா.”

“எழுத மாட்டேன்.”

எழுதினேன். மற்ற மூன்று பெண்களும் சொன்னதில் அழுகை இருந்தது, வலி இருந்தது, ஆனால் இப்படி ஒன்று இல்லை. முப்பத்தெட்டு பக்கம் எழுதிய பிறகும் அந்தப் பதாகை இல்லாமல் கட்டுரை சப்பென்று இருந்தது. ஒரு பத்திதானே என்று இருபத்தாறாம் பக்கத்தில் சேர்த்தேன். ஒரு மாணவியின் கட்டுரையை யார் படிக்கப்போகிறார்கள்? வழிகாட்டி, மதிப்பெண் போடுகிறவள், எதிர்வாதம் செய்ய நியமிக்கப்பட்ட எம்ப்லா. இங்கெர் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும், வெட்கப்படட்டும் என்றுகூட நினைத்தேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைவிட அந்தப் பத்தி எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. இதை எப்படிப் பூசி மெழுகினாலும் இதுதான் நடந்தது.

வரைவை இங்கெர் படித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“இருபத்தாறாம் பக்கம் நீ கட்டாயம் வெச்சுக்கணுமா?”

“வழிகாட்டி வேண்டாம்னா எடுத்துடறேன்.”

“நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?” என்றாள். குரல் லேசாக உடைந்தது. “வெச்சுக்கோ. அதுதான் கட்டுரையே.”

அந்த நிமிடம் அவள்மேல் எனக்கு உண்மையாகவே மதிப்பு வந்தது. எம்ப்லா எதிர்வாதத்தில் நாற்பது நிமிடம் என்னைக் குடைந்தாள், அதற்கும் பதில் சொன்னேன். மிகச் சிறப்பு என்று மதிப்பெண் வந்தது. அம்மாவிடம் மதிப்பெண்ணைச் சொன்னேன். பதாகையைச் சொல்லவில்லை. அவள் கடையிலிருந்து இறால் வாங்கிவந்து ரொட்டிமேல் வைத்து, சதகுப்பைக் கீரை தூவிக் கொடுத்தாள். அன்றிரவு சாப்பாடு தொண்டையில் இறங்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

அரசு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த எந்தக் காகிதத்தையும் எவர் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகமும் அரசு அலுவலகம்தான். மாணவர் கட்டுரையும் காகிதம்தான். ஐந்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்படச் சொன்னார்கள், நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர் ஒருவன் பிப்ரவரியில் துறைக்குத் தொலைபேசியில் பேசினான், என் கட்டுரையைக் கேட்டான், பத்து நிமிடத்தில் அது அவன் கணினியில் இருந்தது. யார் அவனிடம் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

கட்டுரையில் பெயர் எதுவும் இல்லை. அவனுக்குப் பெயர் தேவையும் இல்லை. அந்த ஊர்வலத்தை அன்றைக்குப் படம் எடுத்ததே அந்தப் பத்திரிகைதான். சனிக்கிழமை முதல் பக்கத்தில் இங்கெர் பத்து வயது குறைவாக, கலைந்த முடியோடு, பதாகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஒரே வரிக் கேள்வி: ‘யார் துடைக்கிறார்கள்?’

அம்மா அதைக் காய்கறிக் கடையில் நின்று படித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எழுத மாட்டேன்னியே.”

“அம்மா, அது...”

“எழுத மாட்டேன்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்துபோய்க் குளியலறைத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இங்கெர் மறுக்கவில்லை, மழுப்பவில்லை. அடுத்த வாரம் அதே பத்திரிகையில் தானே எழுதினாள். ‘நான் தவறினேன். என் மாணவி என் கண்ணைத் திறந்தாள். இன்று முதல் என் வீட்டில் கூலிக்கு ஆள் கிடையாது.’ எவ்வளவு நேர்மை! வானொலியில் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். துறையில் மற்றவர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஐந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தாங்களும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை காபி வேளையில் பாதாம் மாவு போர்த்திய பச்சை மார்சிபன் கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்கு. “ஒரு மாணவி எழுதி ஒரு துறையே மாறியிருக்கு,” என்றாள் துறைத் தலைவி. எல்லாரும் கைதட்டினார்கள், எம்ப்லாவைத் தவிர. அவளுக்கு மட்டும்தான் அம்மாவைத் தெரியும்.

“ஆறு வீடு,” என்றாள் எம்ப்லா என் காதில். “அதுல உங்கம்மா வீடு எத்தன?”

நான்கு. ஒரு வீட்டில் நல்லபடி வேலை செய்தால் அந்த வீட்டுக்காரி துறையில் அடுத்தவளிடம் சொல்வாள், அப்படிச் சேர்ந்த வீடுகள். ஒரே வாரத்தில் நான்கும் போயின. திங்கட்கிழமை நிறுவனத்திலிருந்து ரொப்பே என்கிற மேற்பார்வையாளன் கூப்பிட்டான். அம்மா தொலைபேசியை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“அன்னெலி, உன்மேல எந்தத் தப்பும் இல்ல. ஆனா உனக்குக் குடுக்க வீடு இல்ல. பாதி நேரம் போடறேன். முழுசா வேணும்னா பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில எடம் இருக்கு, காலைல அஞ்சரை ரயில்.”

“என் முட்டி பத்தி உனக்குத் தெரியும்ல ரொப்பே.”

“தெரியும். அதான் பாதி நேரம்னு சொல்றேன்.”

ஐம்பத்தெட்டு வயதில் அம்மா பாதி ஆள் ஆனாள். பாதிச் சம்பளம், ஓய்வூதியத்திலும் அதற்கேற்ற கழிவு. செவ்வாயும் வியாழனும் ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தாள். அவளுக்குக் குறுக்கெழுத்துப் பிடிக்காது.

ஏப்ரலில் இங்கெர் என்னை அவள் அறைக்குக் கூப்பிட்டாள். முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் வரப்போகிறது, நான்கு வருடம் சம்பளத்தோடு, நீ விண்ணப்பிக்க வேண்டும், நான் பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. கடைசியில், கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்த நான்காம் பெண். அன்னெலி. அவளுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு இருக்கு. பூ அனுப்பலாமான்னு நிறுவனத்துல கேட்டேன். முழுப் பேர் கேட்டா குவோக்சுன்னாங்க.”

நான் மூடிய கதவைப் பார்த்தேன்.

“உங்கம்மாவா?”

“ஆமா.”

“கட்டுரைல நீ அத எங்கயும் சொல்லல.”

“சொல்லல.”

சொந்த அம்மாவைப் பேட்டி எடுத்துவிட்டு அதை மறைப்பது எங்கள் துறையில் சாதாரணத் தப்பு இல்லை. மதிப்பெண்ணையே கேள்விக்குள்ளாக்கலாம். இங்கெர் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“பயப்படாத. அது நமக்குள்ளயே இருக்கட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவ எப்படி இருக்கா? எனக்கு மனசே ஆறல யோன்னா. நான் கொள்கைக்காகப் பண்ணினேன், அடி அவளுக்கு விழுந்துடுச்சு. வீடும், உள்ளதச் சொல்லணும்னா, நாறிப்போய்க் கெடக்கு. என்னால குனிய முடியல, என் புருஷனுக்கு அழுக்கே கண்ணுக்குத் தெரியாது. அதான் யோசிச்சேன். நிறுவனம் மூலமா வேண்டாம். ரசீது, வரிக் கழிவு எதுவும் வேண்டாம். அவ பாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும், கைல குடுத்துடறேன். காகிதமே இருக்காது. அவளுக்கும் நல்லதுதான?”

காகிதம் இருக்காது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி என் கட்டுரையில் ஆறு பக்கம் இருக்கிறது. வழுக்கி விழுந்தால் காப்பீடு கிடையாது, ஓய்வூதியத்தில் சேராது, இருட்டில் செய்கிற வேலை. நான் எழுந்து நின்று, இதை நீ பத்திரிகையில் எழுதுவாயா என்று கேட்டிருக்க வேண்டும். மேசைமேல் பரிந்துரைக் கடிதம் இருந்தது, இன்னும் கையெழுத்துப் போடாமல்.

“வியாழக்கிழமை வருவா,” என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லும்போது குரலை முடிந்த வரை உற்சாகமாக வைத்துக்கொண்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“நிறுவனத்துக்குத் தெரியாமலா?”

“ஆமா.”

“நீ என்ன சொன்ன?”

“வியாழன் வருவன்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா,” என்றாள். “அவ நிறுத்தும்போது என்கிட்ட ஒரு வார்த்த கேட்கல. சரி, அவ யாரோ. பத்திரிகைக்காரன் கேட்கல, அவனும் யாரோ. நீ என் பொண்ணு. கேட்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?”

“உனக்கு வேல வேணும்னுதானம்மா...”

“எனக்கு என்ன வேணும்னு முப்பத்தெட்டு பக்கம் எழுதினியே, அதுல இருக்கா?”

எனக்கு அவமானமாக இருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. வேண்டாம் என்று இங்கெரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அம்மா தலையசைத்தாள்.

“அதெல்லாம் சொல்ல வேண்டாம். போறேன். வாடகை இருக்கு.”

வியாழக்கிழமை ஏழு மணிப் பேருந்தில் அவள் போனாள். நிறுவனத்தின் சட்டை இல்லாமல், ஏதோ விருந்தாளி மாதிரி சொந்த உடுப்பில் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து முனைவர் இடத்துக்கான விண்ணப்பத்தைத் திறந்தேன். கையெழுத்திட்ட கடிதம் முந்தின நாளே வந்துவிட்டிருந்தது. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பினேன். ஆய்வுத் தலைப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. செப்டம்பரில் சொன்ன தலைப்பையே அங்கே தட்டிவிட்டு வெகுநேரம் நின்றேன்.

தலைப்பை நான் மாற்றவில்லை.